சட்டம் கேட்காத தரை

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகச் சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தொழிற்பேட்டையில் அந்தப் பெயரை அறிந்தவர்கள் குறைவு. அங்கே அவர் 'தயவுசெய்து மேடம்'. எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும் அந்தச் சொல்லில்தான் பேச்சைத் தொடங்குவார். வேறு சொல்லில் தொடங்க அவருக்கு அதிகாரம் கிடையாது. பக்கத்து மேசை ஆய்வாளரின் சங்கதி வேறு. அவர் கையில் சட்டம் இருந்தது, அபராதம் இருந்தது, தோள்பையில் அரக்கும் முத்திரையும் இருந்தன. அவரைப் 'பூட்டு' என்று கூப்பிட்டார்கள். பூட்டு வருகிறார் என்றால் தெருவே கூட்டிப் பெருக்கப்படும். தயவுசெய்து மேடம் வருகிறார் என்றால் ஒரு தேநீர் சொல்வார்கள், அவ்வளவுதான்.

அவருடைய பிரிவுக்கு 'ஒரு படி மேலே' என்று பெயர். கழிவுநீரில் இன்ன பொருள் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்லும். அந்த அளவுக்குள் இருப்பவர்களிடம் போய், இன்னும் கொஞ்சம் குறைக்கலாமே என்று கேட்பது அவர் வேலை. கேட்கலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தவர்களுக்கு வாசலில் மாட்டிக்கொள்ள ஒரு பச்சைப் பலகை கிடைக்கும்.

"பாஸ் மார்க் வாங்கிட்டோம்ல மேடம்? அப்புறம் எதுக்கு நூத்துக்கு நூறு?" என்பார்கள் முதலாளிகள். இன்னும் சிலர், "சட்டம் கேக்குறத செய்யவே நாக்குத் தள்ளுது, கேக்காததையும் செய்யணுமாக்கும்" என்று சிரிப்பார்கள். மேடம் கோபப்பட்டதில்லை. கோபம் அதிகாரம் இருப்பவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும் என்று ஒருமுறை தன் கணவரிடம் சொன்னார்.

முலாம் பூசும் பட்டறைகள் எல்லாம் ஒரே தெருவில் இருந்தன. குழாய், கைப்பிடி, கதவுத் தாழ், நாற்காலிக் கால் என்று மங்கிய இரும்பாகவும் பித்தளையாகவும் உள்ளே போவதெல்லாம் முகம் பார்க்கும் பளபளப்போடு வெளியே வரும். தெருவின் கடைசிப் பட்டறையை ஓர் அக்காவும் தம்பியும் நடத்தினார்கள். அப்பா தொடங்கிய தொழில். அவர் போன பிறகு வாடிக்கையாளர்கள் அக்காவின் பொறுப்பு, தொட்டிகள் தம்பியின் பொறுப்பு. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அக்கா என்றே கூப்பிட்டார்கள். தம்பி தலை நரைத்த பிறகும் தம்பியாகவே இருந்தான்.

பட்டறை என்பது நீளமான ஒரு கூடம். எண்ணெய்ப் பிசுக்கு போக்கும் தொட்டி, அமிலத் தொட்டி, நிக்கல் தொட்டி, கடைசியில் குரோமியத் தொட்டி என்று வரிசையாக இருக்கும். குரோமியக் கரைசல் காய்ந்த ரத்தத்தின் நிறம். இரும்புச் சட்டகத்தில் கோத்த குழாய்களை அதில் முக்கி எடுத்து, அப்படியே அடுத்த கழுவு தொட்டிக்குத் தூக்கிப் போகும்போது வழியெல்லாம் சொட்டும். சொட்டியதைத் தண்ணீர் பீய்ச்சித் தள்ளுவார்கள். அது சாக்கடை வழியாகச் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போய், மருந்து கலந்து, தெளிந்து, கடைசியில் ஒரு குழாய் வாயில் வெளியே விழும். பூட்டு வந்து நிற்பது அந்தக் குழாய் வாயில்தான். புட்டியில் பிடிப்பார், கொண்டுபோவார். அக்கா, தம்பியின் தண்ணீர் ஒருநாளும் தப்பானதில்லை.

மேடம் முதலில் கேட்டது சின்ன விஷயம். "தயவுசெய்து, தொட்டிக்கும் தொட்டிக்கும் நடுவுல சரிவா ஒரு தகடு வச்சுப் பாருங்களேன். சொட்டுறது திரும்பவும் தொட்டிக்கே போயிடும்."

தம்பி உதட்டைப் பிதுக்கினான். அக்கா மட்டும், "தகடுதானே, வச்சுத்தான் பாப்போமே" என்றாள். அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. குளியலறைக் குழாய் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று, பச்சைப் பலகை உள்ள பட்டறைகளுக்கே இனி வேலை கொடுப்பதாகப் பேச்சு அடிபட்டது. சுற்றுச்சூழல் மீது அவளுக்குத் தனிப் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. மேடத்துக்கும் அது தெரியும். அவர் யாருடைய மனசையும் சோதித்துப் பார்ப்பதில்லை. தகடு வைத்தால் போதும்.

தகடு வைத்த பிறகு மருந்து வாங்கும் செலவு இறங்கியதைத் தம்பியே கவனித்தான். வெளியில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை மேடம் வந்தபோது தேநீரோடு பிஸ்கட்டும் வந்தது.

அந்தத் தைரியத்தில் மேடம் அடுத்ததைக் கேட்டார். குரோமியத் தொட்டி பாதி தரைக்குள் புதைந்திருந்தது. அடியில் ஓட்டை விழுந்தால் யாருக்கும் தெரியாது. அதை எடுத்துவிட்டு, கீழே கான்கிரீட்டில் ஒரு வெளித்தொட்டி கட்டி, அதற்குள் இதை உட்காரவைத்தால் கசிவது கண்ணுக்குத் தெரியும்.

"இது சட்டத்துல இருக்கா மேடம்?" என்று தம்பி கேட்டான்.

"இல்லங்க."

"இல்லாதத எதுக்குச் செய்யணும்?"

"இருந்தா ஆய்வாளர் வந்து சொல்வாரே, நான் எதுக்கு வரப்போறேன்?"

அக்கா சிரித்துவிட்டாள். பிறகு ஒன்று கேட்டாள். "இதச் செய்யப்போய் எங்களுக்கு ஏதும் வம்பு வராதே?"

"வராதுங்க. தானா முன்வந்து செய்றவங்களுக்கு யாரு வம்பு பண்ணுவாங்க? நான் இருக்கேன்ல."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம். அதைப் பின்னாளில் பலமுறை நினைத்துக்கொண்டார்.

வேலை மந்தமாக இருந்த ஒரு வாரம் பார்த்துத் தொட்டியைக் காலி செய்தார்கள். சங்கிலி கட்டித் தூக்கி ஓரமாக வைத்தார்கள். கொத்தனார் தன் ஆட்களோடு வந்து தரையை உடைக்க ஆரம்பித்தார். அப்பா காலத்துத் தரை, கெட்டியாகத்தான் இருந்தது. கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அதற்குக் கீழே மண் தெரிந்ததும் கொத்தனார் கடப்பாரையை நிறுத்தினார்.

"அக்கா, இங்க வந்து பாருங்க. மண்ணு என்ன இந்த நெறத்துல இருக்கு?"

மண் மஞ்சளாக இருந்தது. செம்மண்ணோ களிமண்ணோ கொள்ளும் மஞ்சள் இல்லை அது. சாயம் போட்ட மஞ்சள். தம்பி குனிந்து ஒரு கட்டியை எடுக்கப்போய்க் கையை இழுத்துக்கொண்டான். கையுறை போட்டு வந்து, மண்வெட்டியால் இன்னும் ஆழமாகக் கொத்தச் சொன்னான். கீழேயும் மஞ்சள். பக்கத்தில் கொத்தினால் பக்கத்திலும் மஞ்சள். தொட்டியின் அடியில் எப்போதோ ஒரு விரிசல் விழுந்து, நீர்த்தால் மஞ்சளாகும் அந்தக் குரோமியக் கரைசல் சொட்டுச் சொட்டாக வருஷக்கணக்கில் இறங்கியிருக்கிறது. குழாய் வாயில் புட்டி பிடித்த யாருக்கும் அது தெரிய வழியில்லை.

தம்பி கொத்தனாரைத் தேநீர் குடிக்க அனுப்பினான். அக்காவிடம் தாழ்ந்த குரலில் பேசினான்.

"கான்கிரீட்டுக்குச் சிமென்ட்டு, ஜல்லி எல்லாம் வந்துதான் கெடக்கு. ஊத்திடுவோம். மேல வெளித்தொட்டி வந்துட்டா இனிமே ஒரு சொட்டு கீழ இறங்காது. நடந்தது நடந்துபோச்சு. பழசு பழசோட கெடக்கட்டும்."

அவன் சொன்னது அநியாயமாகப் படவில்லை. அதுதான் சங்கடம். அக்கா பின்பக்கம் போனாள். பட்டறைச் சுவரை ஒட்டி அவர்களுக்குச் சொந்தமான சின்னச் சின்ன வாடகை வீடுகள் இருந்தன. வேலையாட்களின் குடும்பங்கள் குடியிருந்தன. நடுமுற்றத்தில் ஓர் அடிபம்பு. குடிக்கக் குழாய்த் தண்ணீர் வரும்; மற்ற எல்லாவற்றுக்கும் பம்புதான். அந்த நேரம் ஒருத்தி வாளியில் அடித்து, சோப்பு நுரையோடு திமிறிக்கொண்டிருந்த தன் பிள்ளையின் தலையில் கவிழ்த்தாள். வாயில் போன தண்ணீரைப் பிள்ளை புளிச்சென்று துப்பியது. தாய் முதுகில் ஒன்று வைத்துவிட்டு அடுத்த வாளிக்கு அடித்தாள்.

அக்கா திரும்பி வந்தாள்.

"மூட வேணாம்."

"ஏன்? யாருக்குத் தெரியப்போகுது?"

"நமக்குத் தெரிஞ்சுபோச்சே."

"நீ தர்மம் பேசாத. பட்டறைய இழுத்துப் பூட்டிட்டா பேசுறவங்களா வந்து சம்பளம் குடுப்பாங்க?"

"அந்தம்மா இருக்கேன்னு சொன்னாங்கல்ல?"

"அந்தம்மாவுக்கு யாருடா இருக்காங்கன்னு கேட்டியா?" என்றான் தம்பி. கோபம் வந்தால் அக்காவையும் டா போட்டுவிடுவான்.

அவள் மேடத்துக்குப் போன் செய்தாள்.

மேடம் வந்தபோது யாரும் தேநீர் சொல்லவில்லை. குழியின் விளிம்பில் நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் படித்த படிப்பு மண்ணைப் பற்றியதுதான். அந்த நிறம் என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கிணறு வெட்டப் பூதம் கிளம்புன கதையாயிடுச்சு மேடம்" என்றான் தம்பி. "வெட்டச் சொன்னது நீங்க."

"ஆமாங்க. நான்தான்."

"இப்ப என்ன பண்ணணும்?" என்று அக்கா கேட்டாள்.

மேடம் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மொத்தமா என்ன பண்ணணும்னு எனக்கு இன்னும் தெரியலங்க. மொதல்ல அந்தப் பம்ப யாரும் தொடக் கூடாது. அது மட்டும் தெரியும்."

தம்பி ஸ்பானர் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பம்பின் கைப்பிடியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து போட்டான். முற்றத்துப் பெண்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். மறுநாள் காலையிலிருந்து தண்ணீர் லாரி வரும் என்று அக்கா சொன்னாள். ஏன் என்று கேட்டார்கள். காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள். அதன் பிறகு கத்தல் நின்றது. அதைவிடக் கத்தலே மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

மேடத்தின் மேலதிகாரி ஓர் இயக்குநர். கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கடைசிவரை கேட்பார். கேட்டபின் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க ஆரம்பித்தால் காரியம் நடக்காது என்று அர்த்தம்.

"விதி தெளிவா இருக்கேம்மா. நிலத்துல குரோமியம் கண்டுபிடிக்கப்பட்டா பட்டறைய மூடி முத்திரை வைக்கணும். அபராதமும் உண்டு."

"யாரு கண்டுபிடிச்சாங்கன்னு ஒண்ணு இருக்கே சார். அவங்களேதான் கண்டுபிடிச்சாங்க. அவங்களேதான் கூப்பிட்டுச் சொன்னாங்க. அந்தத் தெருவுல எல்லாத் தரையும் அதே வயசு. மத்தவங்க தோண்டல, அதனால அவங்க யோக்கியம். இவங்க தோண்டுனாங்க, அதனால இவங்க குத்தவாளியா?"

"நீங்க சொல்ற நியாயம் புரியுது."

"தேடாதவனுக்கு ஒண்ணுமில்ல, தேடுனவனுக்குப் பூட்டு. நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இன்னொருத்தர்கிட்ட போய்த் தயவுசெய்துன்னு சொல்வேன்?"

"தானா வந்து சொல்றவங்களுக்குச் சலுகை குடுக்க விதி இல்லையேம்மா."

"விதி இல்லாத எடத்துல வேலை செய்யத்தானே சார் என்னை வச்சிருக்கீங்க?"

இயக்குநர் சிரித்தார். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாலையில் மேடம் மறுபடி பட்டறைக்குப் போனார். போனில் சொல்லியிருக்கலாம், போனில் சொல்லக் கூடாத விஷயம் என்று நினைத்தார்.

"வம்பு வராதுன்னு வாக்குக் குடுத்தேன். காப்பாத்த முடியல. நாளைக்கு ஆய்வாளர் வருவார்."

அக்கா நாற்காலியிலிருந்து எழவில்லை. "நீங்க பொய் சொல்லலன்னு தெரியுது மேடம். ஆனா தெரியாம சொல்லியிருக்கீங்க. எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மேடம் தலையாட்டினார். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், தூங்கவும் செய்தார். அப்படித் தூங்க முடிந்தது அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் பூட்டு வந்தார். தெருவில் யாரும் கூட்டிப் பெருக்கவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் குழியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைப் பார்த்தார். அந்தத் தரைமேல் எத்தனையோ முறை நின்றிருக்கிறார். அதே இடத்தில் நின்றுதான் 'எல்லாம் சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். முகம் இறுகியிருந்தது. யார்மேல் கோபம் என்று யாருக்கும் புரியவில்லை.

"இத வெளிய எடுத்தாகணும்ல?" என்று தம்பியிடம் கேட்டார்.

"ஆமா சார். நீங்க வாசல் கேட்டை இழுத்து மூடி முத்திரை வச்சிட்டா எப்படி எடுக்கறது? மழை வந்தா இன்னும் கீழ இறங்கும்."

பூட்டு எழுந்து நின்று காலை உதறிக்கொண்டார். தன்னோடு வந்திருந்த மேடத்தைப் பார்க்காமல் சொன்னார்: "உத்தரவுல பட்டறைய மூடணும்னு இருக்கு. முலாம் பூசுறதுதான் பட்டறை. மண்ணு வெட்டுறது பட்டறை இல்ல."

தொட்டி தொட்டியாகப் போய் மின்சார இணைப்புக்கு மட்டும் அரக்கு முத்திரை வைத்தார். வாசல் கேட்டைத் தொடவில்லை. வேலை தெரிந்த ஆள் ஒருவர் சட்டத்துக்குள்ளேயே நாலு அடி நடந்து காட்டினார். அதற்கு மேல் அவரிடம் யாரும் எதிர்பார்க்க முடியாது. போகும்போது அக்காவிடம், "அபராதம் வரும். அத என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த சில மாதங்கள் பட்டறையில் முலாம் வாசனை இல்லை. குரோமியத் தொட்டி இருந்த இடத்தில் ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. மஞ்சள் மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடிய லாரிகள் அள்ளிக்கொண்டு, அதற்கென்று இருக்கும் கிடங்குக்குப் போயின. அடிபம்புத் தண்ணீரைச் சோதித்ததில், விஷம் வந்திருந்தது. நிறைய இல்லை, ஆனால் வந்திருந்தது. பம்பைக் குழாயோடு பிடுங்கித் துளையை அடைத்தார்கள். பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டினார்கள். ஒன்றும் இல்லை என்றார் அவர். அதோடு, இன்னும் கொஞ்ச காலம் அந்தத் தண்ணீரில் புழங்கியிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது என்றும் சொன்னார்.

தம்பி அந்த வாக்கியத்தைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தான். அதன் பிறகு அக்காவோடு சண்டை போடுவதை நிறுத்திக்கொண்டான். சமாதானம் என்று சொல்ல முடியாது. வாதம் கைவிட்டுப் போய்விட்டது. ஆனால் மேடத்தோடு பேசவில்லை.

தெருவில் நிலைமை வேறாக இருந்தது. பட்டறைச் சங்கத் தலைவர் ஒருநாள் வந்தார். அப்பாவோடு பழகியவர். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஏம்மா, உன்ன யாரு ஊதச் சொன்னது?"

"சங்கு நம்ம வீட்டுக்கடியில இருந்துச்சு சித்தப்பா."

"எல்லார் வீட்டுக்கடியிலயும்தான் இருக்கும்! அதுக்குன்னு? இன்னைக்கு நீ தோண்டுன. நாளைக்கு எங்களையும் தோண்டச் சொல்வான். இஷ்டப்பட்டா செய்யுங்கன்னு வர்ற எதுவும் நாலு பேர் செஞ்சதும் சட்டமா மாறிடும். இந்தத் தெருவுக்கு நீ நல்லது செஞ்சதா நெனைக்காத."

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. எழுந்து போகும்போது, "ஆளுங்கள்ல ஒரு நாலு பேர என்கிட்ட அனுப்பு. இது முடியற வரைக்கும் வேலை குடுக்குறேன்" என்றார். திட்டவும் வேண்டும், விட்டுவிடவும் மனசு வரவில்லை. நாலு பேர் என்றவர் ஆறு பேரை எடுத்துக்கொண்டார்.

குழாய்க் கம்பெனியிடமிருந்து வந்த செய்தி சுருக்கமானது. முத்திரை வைக்கப்பட்ட பட்டறையோடு தொழில் செய்ய முடியாது. அந்த வேலை தெருமுனையில் உள்ள வேறொரு பட்டறைக்குப் போனது. அங்கே வாசலில் பச்சைப் பலகை இருந்தது. தகடு வைத்ததற்காக மேடம் கொடுத்த பலகைதான். அதன் தரை உடைபடவே இல்லை.

இதைக் கேள்விப்பட்ட நாளில் மேடம் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தார். கணவர், "விட்டுட்டா அந்தப் பலகையெல்லாம் தானா கழண்டு விழுந்திடுமா?" என்று கேட்டார். அவர் சமாதானத்துக்குத்தான் சொன்னார்; மேடம் அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் இயக்குநரின் அறைக்குப் போய் இரண்டு விஷயம் கேட்டார். ஒன்று, பச்சைப் பலகை வேண்டுமென்றால் தொட்டிகளுக்கு அடியில் மண்ணைச் சோதிக்க வேண்டும். இரண்டு, அப்படிச் சோதித்துத் தானாக வந்து சொல்பவர்களின் பட்டறையை மூடக் கூடாது. சுத்தம் செய்ய அவகாசம் கொடுக்க வேண்டும், அபராதம் கூடாது.

இயக்குநர் கண்ணாடியில் கை வைத்தார்.

"கழட்டாதீங்க சார்" என்றார் மேடம். "கேட்டு முடிச்சிடுங்க."

கை இறங்கியது. அவரும் மேலே எழுதினார். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே அனுப்பினார்கள். கோப்பு எங்கெங்கோ தூங்கியது. மேடம் அதைத் தேடித்தேடிப் போய் எழுப்பினார். தயவுசெய்து என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். முதலாளிகளிடம் கேட்டதை இப்போது அதிகாரிகளிடம் கேட்டது. வித்தியாசம் ஒன்றுதான், இங்கே தேநீரும் இல்லை. ஒரு கூட்டத்தில் பூட்டு, கூப்பிடாமலே எழுந்து, "குழாய் வாயில நின்னு பாத்தா தரைக்கடியில தெரியாது. இத்தன வருஷமா நான் பாக்காதத அவங்களே பாத்துச் சொன்னாங்க" என்று இரண்டே வாக்கியம் பேசி உட்கார்ந்தார். அது எடுபட்டது.

விதி வந்தது. வந்த தேதியிலிருந்துதான் செல்லும் என்று அதில் இருந்தது. அக்காவுக்கும் தம்பிக்கும் விதித்த அபராதம் அப்படியே நின்றது.

அதைச் சொல்லவும் மேடம் நேரில்தான் போனார். பள்ளம் மூடப்பட்டு, புதுக் கான்கிரீட் உலர்ந்துகொண்டிருந்தது. இம்முறை தொட்டிகளைத் தரைக்குள் புதைக்கவில்லை. எல்லாவற்றையும் இரும்புக் கால்கள்மேல் ஏற்றியிருந்தார்கள். குனிந்தால் அடிப்பக்கம் முழுக்கத் தெரிந்தது. அது தம்பியின் யோசனை. வெளித்தொட்டியைவிட நல்ல யோசனை என்று மேடத்துக்குத் தோன்றியது.

"எங்களுக்குப் பிரயோஜனமில்லாத விதிய வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் அக்கா.

"ஆமாங்க."

"சரி. அடுத்து வர்றவனாவது பொழைக்கட்டும்."

தம்பி அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் பேசாதவன், "மேடத்துக்குத் தேநீர் சொல்லட்டுமா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டான். மேடம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கூட்டம் போட்டு மற்ற முதலாளிகளுக்குப் புது விதியை விளக்க வேண்டியிருந்தது. மேடம் அக்காவைப் பேசக் கூப்பிட்டார்.

"என்ன பேசணும்?"

"நடந்தத."

"எல்லாத்தையுமா? வேலை போனது, அபராதம், நீங்க வாக்குத் தவறுனது?"

"எல்லாத்தையும்தான்."

தொழிற்பேட்டைக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதிதான் நிறைந்தன. சங்கத் தலைவர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு மேடைப் பழக்கம் இல்லை. மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், தகட்டிலிருந்து தொடங்கி நடந்ததைச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேடம் வாக்குக் கொடுத்ததையும் அது பொய்யானதையும் சொன்னபோது சிலர் திரும்பி மேடத்தைப் பார்த்தார்கள். அவர் பார்வையைத் தாழ்த்தவில்லை.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து பெயின்ட் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிம்மா. இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அக்கா யோசித்தாள். "லாபம்னு ஒண்ணும் இல்லங்க. பெரிய வாடிக்கை போச்சு, இன்னும் திரும்பி வரல. கடன் இருக்கு. ஆனா என் தரைக்கடியில என்ன இருக்குன்னு இன்னைக்கு எனக்குத் தெரியும்." மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "உங்களுக்குத் தெரியுமா?"

யாரோ இருமினார்கள். பெயின்ட் கம்பெனிக்காரர் உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை. தட்டும்படியான பேச்சும் இல்லை அது. கூட்டம் கலைந்தபோது பாதிப்பேர் மேடத்தைத் தவிர்த்துவிட்டு வேறு வாசல் வழியாகப் போனார்கள். சங்கத் தலைவர், "நல்லாத்தான் பேசுன, எனக்கு ஆகாத பேச்சு" என்று அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தன் தரையை அந்த வருஷம் தோண்டவில்லை. அதற்கடுத்த வருஷமும் தோண்டவில்லை.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். ஊருக்கு வெளியே பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை வைத்திருப்பவள். அக்காவுக்கு அவளைத் தெரியாது.

"ஒரு விஷயம் கேக்கலாமாக்கா? மூடிக் கெடந்த மாசமெல்லாம் ஆளுங்கள என்ன பண்ணீங்க? எனக்குப் பயம் அதுலதான். போனா திரும்பி வர மாட்டாங்க."

"கொஞ்ச பேர மத்த பட்டறைல விட்டோம். கொஞ்ச பேர மண்ணு வெட்டவே வச்சுக்கிட்டோம், கையுறை, முகமூடி எல்லாம் போட்டு. ரெண்டு பேர் போயிட்டாங்க. நல்ல ஆளுங்க."

"சம்பளம் முழுசா குடுத்தீங்களா?"

"மொத மாசம் முழுசா. அப்புறம் முக்கால்."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"சும்மாவா? சண்டை போட்டாங்க. உக்காருங்க, சொல்றேன்" என்று அக்கா அடுக்கிவைத்த நாற்காலிகளில் இரண்டை எடுத்துப் போட்டாள். கூடத்தைப் பூட்ட வந்த காவலாளி சாவியோடு நின்றார். இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்று மேடம் அவரிடம் போய்ச் சொன்னார்.